மர்ஜானும் மறுமைக் கணக்கும்

 



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள். ரமலான் வருகிறதென்று பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளிவாசலின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் சுண்ணாம்புத் தொட்டியின் ஓரத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். 20 ஆண்டுகளுக்கு முன்பு பிழைப்புத் தேடி இங்கே வந்து வார்ப்படப் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர்.

"ஆலிம்சா, இது மலைச் சுண்ணாம்பா, கடல் சுண்ணாம்பா?" என்று கேட்டார்.

"கடையில் வாங்கிவந்த சுண்ணாம்பு, பெரியத்தா. எந்தச் சுண்ணாம்பாக இருந்தால் என்ன?" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கடலை எரித்துச் சுண்ணாம்பாக்கினவன், ஆலிம்சா. அதற்கு அல்லாஹ் என்னிடம் கணக்குக் கேட்பானா?" என்றார்.

அன்று அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல என்னால் இயலவில்லை. கிதாபுகளைப் புரட்டினேன், கடலைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். அதன் பின்னர் அவருக்குச் சொன்னதையே, அவருடைய அனுமதியுடன், உங்கள் முன் வைக்கிறேன். அவருடைய கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று என்பதை நீங்களே உணர்வீர்கள்.

மர்ஜான் என்னும் அருட்கொடை

சூரத்துர் ரஹ்மானில் வல்ல அல்லாஹ் தன் நிஃமத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். இரு கடல்களைப் பற்றிச் சொல்லி வரும்போது, அவற்றிலிருந்து முத்தும் மர்ஜானும் வெளிப்படுவதை நினைவூட்டுகிறான் (55:22). மர்ஜான் என்பது சிறு முத்து என்று முஃபஸ்ஸிரீன்களில் சிலர் கூறினர். செந்நிறப் பவளம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. தமிழில் பெயர்த்தவர்கள் பெரும்பாலும் பவளம் என்றே எழுதினார்கள். எந்த நிஃமத்தை மறுக்கப் போகிறீர்கள் என்னும் கேள்வியை அந்த ஒரே சூராவில் ரப்புல் ஆலமீன் 31 தடவை கேட்கிறான். நாம் அதனை இனிமையாக ஓதிவிட்டு முஸ்ஹஃபை மூடி வைத்துவிடுகிறோம்.

நம் பெண்மக்கள் மாலையில் கோக்கிற செம்பவளம் வேறு. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கின்ற பவளப்பாறை வேறு. ஆயினும் இரண்டும் ஒரே குலத்து உயிர்கள் கட்டியவையே. பாறை என்று நாம் சொல்வதால் அது வெறுங்கல் என்று எண்ணிவிடலாகாது. குண்டூசித் தலையளவிலிருந்து விரல் நுனியளவு வரையுள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள், கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தம்மைச் சுற்றி வீடு கட்டிக்கொள்கின்றன. ஒன்றின் வீட்டின் மேல் மற்றொன்றின் வீடு; தாத்தாவின் கூட்டின் மேல் பேரனின் கூடு. இப்படியே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக எழும்பியதுதான் பவளப்பாறை. உருண்டைப் பாறையாக வளரும் இனங்கள் ஓர் ஆண்டில் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. கடப்பாரையால் ஒரு நாழிகையில் பெயர்க்கும் கல், நம் பாட்டனாருக்கும் பாட்டனார் காலத்திலிருந்து வளர்ந்து வந்த கல்!

அந்தச் சிற்றுயிரின் உடலுக்குள் அதைவிடச் சிறிய பாசி ஒன்று குடியிருக்கிறது. சூரிய ஒளியைக்கொண்டு அந்தப் பாசி உணவு தயாரித்துத் தன்னை வைத்திருக்கும் உயிருக்கும் ஊட்டுகிறது. அந்த உயிரோ பாசிக்கு இருக்க இடம் கொடுக்கிறது. பவளப்பாறையின் வண்ணங்களில் பெரும் பகுதி இந்த விருந்தாளியின் கொடை. உலகக் கடல்களின் தரைப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூடப் பவளப்பாறை இல்லை. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அதுவே வீடாகவும் தொட்டிலாகவும் இருக்கிறது என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பூமியில் ஊர்வனவும் இறக்கை கொண்டு பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் சூரா (6:38) உணர்த்துகிறது. முந்தைய நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்துவிட, அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். இது அபூஹுரைரா (ரலி) அறிவித்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ். ஓர் எறும்புப் புற்றுக்கே இவ்வளவு மதிப்பென்றால், தலைமுறை தலைமுறையாக ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்து தஸ்பீஹ் செய்யும் இந்தக் கடல் சமுதாயத்தின் மதிப்பு என்ன? அவற்றின் தஸ்பீஹ் நமக்கு விளங்காது (17:44). விளங்காத காரணத்தால் அது இல்லை என்றாகிவிடுமா?

காளவாய்க்குப் போன கடல்

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை அல்லாஹ் அமைத்தான். அவற்றைச் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த பவளங்கள். முத்தும் சங்கும் இந்தக் கடலின் செல்வங்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் வணிகத்தால் சிறந்தார்கள். அவர்கள் ஏறிச் சென்ற மரக்கலங்களையும், அவர்கள் கட்டிய பள்ளிவாசல்களையும் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். அந்த வாழ்வுக்கு அடித்தளமாகக் கடலுக்கடியில் இருந்த இந்தப் பாரைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

கடற்கரையில் இதனை முருகைக்கல் என்பார்கள். வீடு கட்ட, சுவர் எழுப்ப அது உதவியது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குச் சென்றவர்கள், இடிந்து நிற்கும் மாதா கோயிலின் சுவர்களில் இந்தக் கற்களை இன்றும் காணலாம். கையால் எடுத்து வீடு கட்டிய காலம் வரை கடல் தாங்கியது. பின்னர், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வள்ளம் வள்ளமாகப் பெயர்க்கலானார்கள். விளைவு என்ன? அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற அரண் போனது. தீவுகளின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே குறைந்துவிட்டது. மண்ணை அள்ளியவர் யாருமில்லை. மண்ணைக் காத்து நின்றதை அள்ளினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பெரியவர் தம் பதினேழாவது வயதில் வள்ளத்தில் ஏறினாராம். "மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். கடப்பாரையால் நெம்புவோம். வள்ளத்தில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் கல்லில் வழவழவென்று ஏதோ கசியும். அது உயிர் என்று அப்போது யார் சொன்னார்கள்? கரைக்கு வந்தால் கூலி, அந்தக் கூலியில் பிள்ளைகளுக்குச் சோறு" என்று கூறினார்.

1986-ல் இந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-ல் பவளப்பாறை உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காவல் இவற்றுக்கும் வந்தது. அதன் பிறகும் இரவில் கல் எடுத்ததாகப் பெரியவர் ஒப்புக்கொள்கிறார். "அதுதான் ஆலிம்சா உறுத்துகிறது" என்றார்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. மன்னார் வளைகுடாக் கரையில் சேதம் குறைவாக இருந்தமைக்கு இலங்கைத் தீவு குறுக்கே நின்றது முதற்காரணம். தீவுகளும் பார்களும் அலையின் வேகத்தை உடைத்ததும் ஒரு துணைக்காரணம். அந்த உண்மையைக் கரையிலிருந்தோர் கண்ணால் கண்டபோது மனம் மாறினார்கள். சட்டமும் அச்சமும் அறிவும் ஒன்றுகூட, 2005 வாக்கில் கல்லெடுப்பு நின்றது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் சோதனை முடிந்துவிடவில்லை. கடல் நீர் அளவு கடந்து சூடேறினால், முன்னர் சொன்ன அந்த விருந்தாளிப் பாசியைப் பவள உயிர் வெளியேற்றிவிடுகிறது. வண்ணம் போய் எலும்புபோல் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது கடுமையாக நேர்ந்தது. 2016-ல் மட்டும் அங்குள்ள உயிர்ப் பவளப் பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 39 என்பதிலிருந்து 23 ஆகக் குறைந்தது. 2023-ல் தொடங்கி உலகக் கடல்கள் எங்கும் மீண்டும் பெரும் வெளுப்பு ஏற்பட்டது; முஸ்லிம்கள் நிறைந்து வாழும் இலட்சத்தீவுகளும் 2024-ல் அதற்குத் தப்பவில்லை. கடப்பாரை பிடித்தவர்கள் சிலரே. இந்த வெப்பத்துக்கு நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்கும் நாம் அனைவருமே பங்காளிகள்.

மனிதக் கரங்கள் சம்பாதித்தவற்றின் காரணமாகத் தரையிலும் கடலிலும் ஃபஸாத் தோன்றிவிட்டது. செய்தவற்றில் சிலவற்றின் சுவையை அவர்கள் அறிந்து, திரும்பிவிட வேண்டும் என்பதற்காகவே அது என்று அர்ரூம் சூரா (30:41) எச்சரிக்கிறது. தண்டித்து அழிப்பதற்கு என்று அங்கே சொல்லப்படவில்லை. திரும்புவதற்கு என்று சொல்லப்படுகிறது. இதுதான் நம் நம்பிக்கை.

கப்பலின் மேல்தட்டில் இருப்பவர்கள்

"எங்கள் ஊரிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், பவளப்பாறைக்கும் எங்களுக்கும் என்ன ஒட்டு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு ஓர் உவமையால் விடை பகர்ந்து வைத்துள்ளார்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்தது அது. ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம்பெற்றார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு தடவையும் மேலே வந்து போக வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பகுதியில் ஒரு துளை போட்டுக்கொள்வோமே என்று நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். துளை போட நினைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்குத் தாகம் இருந்தது. வள்ளத்தில் இறங்கிய அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் தாகமே இருந்தது. மேல்தட்டில் இருந்தவர்கள் தண்ணீரைத் தாராளமாகத் தந்து, வழியையும் எளிதாக்கியிருந்தால் துளையைப் பற்றிய நினைப்பே வந்திராது. ஆகவே, கல்லெடுத்த கூலிக்காரனை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு, சுண்ணாம்பு பூசிய வீட்டில் வசிக்கும் நாம் விலகி நிற்க முடியாது.

மாலத்தீவின் படிப்பினையைப் பாருங்கள். முழுக்க முஸ்லிம்களின் நாடு. பவளத்தின் மேலேயே அமைந்த நாடு. தலைநகர் மாலேயில் 1658-ல் பவளக் கற்களாலேயே எழுப்பப்பட்ட ஜும்ஆ பள்ளிவாசல் இன்றும் வேலைப்பாட்டால் வியக்க வைக்கிறது. பிற்காலத்தில் மக்கள் பெருகிக் கட்டடங்கள் பெருகியபோது, பார்களையே பெயர்த்துக் கட்டினார்கள். 1987-ல் பேரலைகள் நகருக்குள் புகுந்தன. பின்னர் ஜப்பான் நாட்டின் உதவி பெற்று, நகரைச் சுற்றிக் கான்கிரீட்டால் அலைதடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. அல்லாஹ் கூலியின்றிக் கட்டிக்கொடுத்த சுவரை உடைத்துவிட்டு, பிறர் தந்த பொருளில் சிமெண்ட்டுச் சுவர் எழுப்ப நேர்ந்தது! நிஃமத்தின் விலை அதை இழந்த பிறகே தெரிகிறது.

இஸ்லாஹ் என்னும் சீர்திருத்தம்

சீர்பட்ட பின் பூமியில் ஃபஸாத் செய்யாதீர்கள் என்பது அல்அஃராஃப் சூராவின் கட்டளை (7:56). ஃபஸாதுக்கு எதிர்ச்சொல் இஸ்லாஹ். கெட்டதைச் சீராக்குவது என்று பொருள். அநியாயம் செய்தபின் தவ்பாச் செய்து தன்னைச் சீராக்கிக்கொள்பவனை அல்லாஹ் ஏற்கிறான் என்று அல்மாயிதாவில் (5:39) வருகிறது. வேத அறிவை மறைத்தவர்களைக் குறித்த ஆயத்திலோ (2:160) தவ்பா, சீராக்குதல், மறைத்ததை வெளிப்படையாகச் சொல்லுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. நாவால் மட்டும் அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிவிட்டு உடைத்ததை உடைந்தபடியே விடுவது முழுமையான தவ்பா ஆகாது.

கடலில் இஸ்லாஹ் நடந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் இந்தப் பணியில் ஈடுபட்டுள்ளார்கள். உயிருள்ள பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிறு கான்கிரீட் பலகைகளில் கட்டி, கடலுக்கடியில் சட்டங்களின் மேல் பொருத்துகிறார்கள். நாற்றங்காலில் நாற்றுப் பாவுவது போலத்தான். வான் தீவைக் காக்க 2015-க்குப் பின்னர், துளைகள் கொண்ட கான்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது. மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. துளைகளில் மீன்கள் வந்து குடியேறின. பவளக் குஞ்சுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. மனிதன் ஒரு திண்ணை போட்டுக் கொடுத்தான். வீட்டை அல்லாஹ்வின் படைப்புகளே கட்டுகின்றன.

மறுமை நாள் வந்துவிட்டபோதும் ஒருவர் கையில் ஈச்சங்கன்று இருந்தால் முடிந்தவரை அதை நட்டுவிடட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் அஹ்மத் அதைப் பதிவு செய்துள்ளார்கள். சூடேறிவரும் கடலில் பவளம் நடுவது வீண்வேலை என்று சொல்வோருக்கு இந்த ஹதீஸே போதும். விளைவு அவனிடம், நடுவது நம்மிடம்.

இஸ்லாஹுக்கும் இல்மு வேண்டும். கடலில் வளர்ப்பதற்கென்று அயலிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடைத் தீவருகே பவளங்களின் மேல் படர்ந்து மூச்சடைத்ததை 2008-ல் கண்டார்கள். பிழைப்புக்கு வழி தேடியதில் தவறில்லை. அறிந்தவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதே பாடம். ஃபஸாத் செய்துகொண்டே, நாங்கள் சீர்திருத்துகிறோம் என்று சொல்பவர்களைப் பற்றி சூரத்துல் பகராவின் தொடக்கத்திலேயே (2:11) எச்சரிக்கை இருக்கிறதல்லவா?

ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் பெம்பாவை அடுத்து மிசாலி என்று ஒரு சிறு தீவு உண்டு. அந்தப் பெயருக்குத் தொழுகை விரிப்பு என்ற கருத்தை உள்ளூர் முஸ்லிம்கள் சொல்வார்கள். அங்கே வெடிவைத்து மீன் பிடித்ததில் பார்கள் நொறுங்கின. அரசாங்கத்தின் தடைகள் சாதிக்காததை, 1990-களின் இறுதியில் ஆலிம்கள் பள்ளிவாசல்களில் குர்ஆனை எடுத்துவைத்து விளக்கியது சாதித்தது. அதிகாரிக்குத் தெரியாமல் வெடி வைக்கலாம்; அல்லாஹ்வுக்குத் தெரியாமல் வைக்க முடியுமா என்று மீனவர்களே உணர்ந்தார்கள். மிம்பரின் பொறுப்பு எத்தகையது என்பதை எண்ணி நான் அஞ்சுகிறேன்.

பெரியவருக்குச் சொன்ன பதில்

இறுதியில் அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: "பெரியத்தா, பொருள்களில் அடிப்படை அனுமதியே. தடையும் இல்லாமல், தீங்கும் தெரியாமல் எடுத்த நாள்களுக்கு உங்களைக் குற்றம் பிடிக்க முடியாது. தீங்கு தெரிந்து, பொதுநலனுக்காகத் தடையும் வந்த பிறகு எடுத்தது தவறுதான். தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நாயகத்தின் (ஸல்) நியதி. அந்தக் கல் உங்களுக்கோ எனக்கோ சொந்தமன்று. எல்லாருக்கும் உரிய அமானத். உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லாத பொருளுக்கு ஈடாக, அவர்கள் பேரில் ஸதகா செய்வது உலமாக்கள் காட்டும் வழி. மனம் வருந்துங்கள், இயன்றதைக் கொடுங்கள், மறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். மீதியை அர்ஹமுர் ராஹிமீனிடம் விட்டுவிடுங்கள்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மக்தபுக்கு வந்து பிள்ளைகள் நடுவில் அமர்ந்தார். தாம் இறங்கிய கடலையும், பெயர்த்த கல்லையும், அதில் கசிந்த உயிரையும் பற்றி ஒளிக்காமல் சொன்னார். ஒரு சிறுமி, "அந்தக் கல் திரும்ப முளைக்குமா, தாத்தா?" என்று கேட்டாள். "நான் பார்க்க மாட்டேன் அம்மா, நீ பார்ப்பாய், இன்ஷா அல்லாஹ்" என்றார். அவர் குரல் தழுதழுத்ததை எல்லாருமே கண்டோம்.

நம் வீட்டு வாசலிலிருந்து

குருடிமலையில் பெய்யும் மழை ஓடைகளாகிக் கௌசிகா நதியில் சேர்கிறது. கௌசிகா நொய்யலையும், நொய்யல் காவிரியையும், காவிரி கடலையும் அடைகிறது. வலீமா விருந்து முடிந்து ஓடையில் கொட்டிய பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் அதே வழியில்தான் பயணம் போகின்றன. ஆகவே, மூன்று காரியங்களை வேண்டுகிறேன்.

முதலாவது, நம் நிக்காஹ், வலீமா, இஃப்தார் விருந்துகளில் பிளாஸ்டிக்கை ஒழித்து, வாழையிலைக்கும் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களுக்கும் திரும்புவோம். குப்பையை ஓடையில் கொட்டுவதில்லை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானம் செய்யட்டும்.

இரண்டாவது, வீண் விரயத்தை விடுவோம். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியும், பகட்டுக்காக இரவெல்லாம் எரியும் அலங்கார விளக்கும் எங்கோ எரியும் நிலக்கரியே. இஸ்ராஃப் செய்பவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதை ஓதாதவர் நம்மில் யார்?

மூன்றாவது, இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் செல்பவர்கள் பவளத் துண்டுகளை அலங்காரத்துக்காக வாங்கி வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். நம் வீட்டு அலமாரியில் வைக்கும் அந்த வெள்ளைத் துண்டு, தஸ்பீஹ் நின்றுபோன ஒரு சமுதாயத்தின் எலும்பு.

சகோதர சகோதரிகளே! முத்தையும் மர்ஜானையும் தந்தவன் அவற்றைப் பற்றிக் கேட்பான். எடுத்தவனிடம் எடுத்ததைப் பற்றியும், அறிந்தவனிடம் மறைத்ததைப் பற்றியும், பார்த்தவனிடம் தடுக்காததைப் பற்றியும் கேட்பான். அந்தக் கேள்வி வருமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக!

யா அல்லாஹ்! தரையிலும் கடலிலும் எங்கள் கரங்கள் செய்த ஃபஸாதை மன்னிப்பாயாக! கெடுத்ததைச் சீராக்கும் அறிவையும் ஆற்றலையும் எங்களுக்குத் தருவாயாக! கடலை நம்பி வாழும் எங்கள் சகோதரர்களின் ரிஜ்கில் பரக்கத் செய்வாயாக! தவ்பாவோடு உன் வாசலில் நிற்கும் எங்கள் முதியவர்களை வெறுங்கையோடு திருப்பிவிடாதிருப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.